பெயரில்லாத ஃபிரேம் மேல் விழுந்த பழி

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மலேசியாவின் ஜொகூரில், கூலாய் பக்கம், எங்கள் தாமான் குடியிருப்பில் என் வீட்டுக் கார் நிறுத்துகிற இடத்தில் தொடங்கியது. செடெனாக் போகும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தமாக முடிந்தது. அன்றோடு முடிந்திருந்தால் விபத்து என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செனாய் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபது வருடமாக மெஷின் பழுது பார்க்கிறேன். கையில் ஸ்பேனர் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். கொஞ்சம் என்பது என் அளவு. என் மனைவியைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள். பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகினாலும், எதிர்வீட்டு மோட்டர் சைக்கிள் கிளம்பாவிட்டாலும் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்கிற ஆள் நான். "இதுக்கெல்லாம் கடைக்குப் போவாங்களா?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. வயரிங் வேலை. புது வீடுகளுக்கு விளக்கும் மின்விசிறியும் மாட்டுவது. ஏணியில் ஏறி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே பாதி நாள் போய்விடும். அவன் மனைவிக்கு எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். மச்சான் என்னை மாமா என்பான். அவன் மனைவிக்கு நான் அண்ணன். வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுவாள். கூடப் பிறந்த தங்கை இல்லாத எனக்கு அது பெரிய விஷயம்.

மச்சானுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். அவன் சைக்கிளில் இறங்கினான். ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தோட்டத்துச் சாலைகளில் ஓட்டிக்கொண்டு போய், செடெனாக்கில் பசியாறிவிட்டுத் திரும்புவார்கள். கொஞ்ச நாளில் என்னையும் இழுத்துவிட்டான். நான் பழைய இரும்புச் சைக்கிளில் முக்கி முனகிக்கொண்டு பின்னால் போவேன். அவனுக்குக் கார்பன் சைக்கிள் ஆசை வந்துவிட்டது. பேர் பெற்ற கம்பெனி சைக்கிள் விலையைக் கேட்டுவிட்டு, "அலமாக், இதுக்கு ஒரு காரே வாங்கிடலாம்லா மாமா" என்று திரும்பி வந்தான். அப்புறம் இணையத்தில் தேடி, சீனாவிலிருந்து பெயரே இல்லாத ஒரு கார்பன் ஃபிரேமும் ஃபோர்க்கும் வரவழைத்தான்.

பெட்டியைப் பிரித்த அன்று இரண்டு குடும்பமும் சுற்றி நின்றோம். மங்கலான கறுப்பு. ஒரு எழுத்து இல்லை, ஒரு ஸ்டிக்கர் இல்லை. ஒரு விரலால் தூக்கலாம்.

"பேர் இல்லாத சாமான நம்பி எப்படிங்க ஏறுவீங்க? ஒன்னுனா யாரப் போய்க் கேக்கிறது?" என்றாள் அவன் மனைவி.

நல்ல கேள்வி. அவன் பதில் சொல்வதற்கு முன்னால் நான் குறுக்கே விழுந்து, "நான் இருக்கேன்ல தங்கச்சி, என்னைக் கேளு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாகங்களை மாட்டும் வேலையை மட்டும் கூலாயில் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்துவிடலாம் என்று மச்சான் மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் இருக்கும்போது கடையா? அக்கா புருஷன் முகம் சுருங்கினால் மேற்கொண்டு பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. "மாமா சொன்னா சரி" என்று முடித்துக்கொண்டான்.

இரண்டு சனிக்கிழமை வேலை. பிரேக், கியர், சக்கரம் எல்லாம் ஒருத்தர் கழித்துப் போட்ட சைக்கிளிலிருந்து வாங்கியது. கேபிள் எல்லாம் ஃபிரேமுக்குள்ளேயே ஓட வேண்டும். ஒரு ஓட்டையில் தையல் நூலை நுழைத்து, மறு ஓட்டையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சி நூலை வெளியே எடுத்தபோது மச்சான் கை தட்டினான். "ஃபிரேம்ல பேர் இல்லதானே, உங்க பேரையே எழுதிடலாம் மாமா" என்றான். நான் வேண்டாம் என்றேன், ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்து போனேன்.

இனி வருவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். அதன் மேல்பக்கம் ஒரு குழாயாக ஃபிரேமுக்குள் ஏறி வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் குழாயும் கார்பன். அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கவ்வி இறுகப் பிடிக்கும். ஹேண்டில் நிற்பது அந்தக் கவ்வியில்தான். ஓட்டுகிறவனின் முழு உயிரும் அந்தச் சாண் நீளக் குழாயில் இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையில் ஊறிய பழக்கம் ஒன்று. காய்ந்த கையோடு எதையும் மாட்டக் கூடாது. ஜொகூர் மழைக்கும் வெக்கைக்கும் கிரீஸ் பூசாத எதுவும் ஆறு மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. விரலில் கிரீஸ் எடுத்து அந்தக் கார்பன் குழாயைச் சுற்றிப் பூசிவிட்டுக் கவ்வியை மாட்டினேன். கார்பனுக்குக் கிரீஸ் ஆகாது. வழுக்கும். அதற்கென்று மணல் போல் நறநறக்கும் பசை ஒன்று இருக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. பெட்டியில் ஒரு தாள் வந்தது, பாதி சீனம், பாதி உடைந்த ஆங்கிலம். கிரீஸ் டியூப் படத்தைப் போட்டு அதன் மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு அடித்திருந்தார்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண் போட்டிருந்தது. அந்தத் தாளால் நான் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைத்தேன்.

கவ்வியை மாட்டி, முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால், சக்கரம் அப்படியே நிற்க, ஹேண்டில் மட்டும் வழுக்கித் திரும்பியது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அப்போதும் திரும்பியது. அளந்து இறுக்கும் ஸ்பேனர் எங்கள் தொழிற்சாலையில் இருக்கிறது, ஆனால் அது பெரிய மெஷின்களுக்கானது. இவ்வளவு சின்ன அளவு அதில் கிடையாது. இருபது வருடக் கையைவிட அளவா என்று, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இறுக்கு இறுக்கினேன்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். மச்சான் அப்போது குடிக்கத் தே ஐஸ் வாங்க முச்சந்திக் கடைக்குப் போயிருந்தான். கேட்டது நான் மட்டும்தான். போல்ட் உட்கார்ந்த சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹேண்டில் இப்போது அசையவில்லை. அவன் வந்ததும், "பாரு, கல்லு மாதிரி நிக்குது" என்று காட்டினேன்.

மறுநாள் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். இரண்டு மாதம் பிரச்சனை எதுவும் இல்லை. மச்சான் இளைத்தான், முகம் தெளிந்தான். போகிற இடமெல்லாம் "எங்க மாமா செஞ்சது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு சாயங்காலம் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஹேண்டில் பக்கம் ஒரு சத்தம் வருது. மேடு ஏறி இழுக்கும்போது கிரீச்சுங்குது. ஒரு தடவ கடையில காட்டிடவா?"

நான் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். சத்தம் எனக்கும் கேட்டது. "புது சாமான், செட்டாக நாளாகும். கடைக்காரன்கிட்ட போனா இத மாத்து அத மாத்துனு சொல்லுவான்" என்று, போல்டை இன்னொரு கால் சுற்று இறுக்கிக் கொடுத்து அனுப்பினேன். அவன் வழக்கம் போல, மாமா சொன்னால் சரி என்று போய்விட்டான்.

பத்து நாள் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரவு மழை பெய்து சாலை ஈரமாக இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடிச் சாலை அங்கங்கே குழி விழுந்து கிடக்கும். ஒரு இறக்கத்தில் மச்சான் எனக்கு முன்னால் இருபது முப்பது அடியில் போய்க்கொண்டிருந்தான். முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பெரிய குழிகூட இல்லை. அவன் இரண்டு கையும் ஹேண்டிலோடு சேர்ந்து மேலே வந்தன. சைக்கிள் கீழே தனியாக இருந்தது. ஒரு நொடி அவன் ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் பிடிக்காமல் போனான். பிறகு முகமும் வலது தோளும் தார்ச்சாலையில் மோதின. அந்தச் சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பின்னால் வந்த குலை லோரி கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் டிரைவர், ஒரு மலாய்க்காரர், குதித்து இறங்கினார். வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டு மற்ற வண்டிகளை மறித்தார். தன் கழுத்துத் துண்டை எடுத்து மச்சானின் தாடைக்கு அடியில் வைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் எங்கே நின்றேன் தெரியுமா? சைக்கிள் பக்கத்தில்.

உடைந்த குழாயைப் பார்த்தேன். மெஷின் தண்டு உடைந்தால் நான் பார்க்கும் முதல் இடம் அதுதான். உடைசலில் ஒரு பாதி நார் நாராகப் புதிதாக இருந்தது. மறு பாதி பழசு. விரிசலுக்குள் கிரீஸ் ஊறி, தூசி பிடித்திருந்தது. இரண்டு மாதமாக அவன் விரிசல் விட்ட குழாயில் ஓட்டியிருக்கிறான். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் என் உள்ளங்கை முதலில் செய்த காரியம், அந்தக் கிரீஸைத் துடைத்து என் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டது. ஏன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பழக்கதோஷம் என்றிருப்பேன்.

மச்சானின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நாலு பல் போயிற்று. தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டதால் ஆறு வாரம் அவனால் பேச முடியவில்லை. அதெல்லாம் ஆறிவிட்டது. ஆறாதது தோள். விழுந்த வேகத்தில் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி டாக்டர். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வயரிங் வேலைக்காரனுக்கு அது போனால் எல்லாம் போனது.

அன்று காலையில் ஆஸ்பத்திரி நடைவழியில் ஓடி வந்த அவன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்படிண்ணே ஒடஞ்சுச்சு?"

"ஃபிரேம் சரியில்ல தங்கச்சி" என்றேன். அதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் சம்பளத்தில் நாலு பேர். ஷிஃப்ட் முடிந்ததும் ஓவர்டைம், அதற்கு மேல் அவனுக்குக் கஞ்சி, மருந்து. அந்தக் களைப்பெல்லாம் அவன் மேல்தான் இறங்கியது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? மலிவுக்கு ஆசப்பட்டு இப்ப யாரு அனுபவிக்கிறது?" என்பாள். மூத்த பெண்ணை டியூஷனிலிருந்து நிறுத்திய அன்று, "உங்கப்பாவோட சைக்கிள்கிட்ட போயிக் கேளு" என்று பிள்ளையிடமே சொன்னாள். அவன் கம்பி போட்ட வாயோடு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தாலும் இதே பேச்சு. சீனாச் சாமான், பெயரில்லாச் சாமான் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். பெயரில்லாததைத் திட்டினால் கேட்க யாரும் வர மாட்டார்கள் அல்லவா.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். நல்ல பெயர். வாரம் இரண்டு நாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டு அவனை உடற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போட்டேன். "அண்ணன் மட்டும் இல்லனா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம்" என்று அவள் என் மனைவியிடம் சொல்லி அழுதாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். எனக்கு இருந்த பயம் ஒன்றுதான்: சத்தம் வருகிறது என்று அவன் வந்து சொன்னானே, அது அவன் நினைவில் இருக்குமா? ஆறு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார்கள். அவன் பேசினான். அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. தலையில் அடிபட்டதில் மறந்திருப்பான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது பொய். வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அவன் மனைவிக்கு ஒரு எண்ணம் வந்தது. விற்றவனைச் சும்மா விடக் கூடாது. "நீங்கதான் மெக்கானிக், கடையில ஒரு ஆள்கிட்ட காட்டி, ஃபிரேம்தான் மோசமானு கேட்டு அவனுக்கு எழுதுங்கண்ணே" என்றாள். மறுக்க வழியில்லை. உடைந்த ஃபோர்க்கை நன்றாகத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, கூலாயில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன். மச்சான் முதலில் போகலாம் என்று சொன்ன அதே கடை.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, அறுபது வயதுச் சீனர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவ்வி கடித்த தடம் வளையமாகப் பதிந்திருந்த இடத்தை நகத்தால் வருடினார். விரிசலுக்குள் நகத்தை விட்டு எடுத்து, கட்டைவிரலில் தேய்த்தார். நான் கழுவியும் அதில் பிசுபிசுப்பு இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து மலாயில் கேட்டார்.

"சியாப்பா பாசாங்?" யார் மாட்டியது?

"வேறொரு கடையில்" என்றேன்.

கார்பனில் கிரீஸைப் பூசி, அது வழுக்குகிறது என்று உடையும் வரை இறுக்கியிருக்கிறார்கள், சாமானில் குறை இல்லை என்றார். அப்படி ஒரு கடை இருந்தால் அதை மூடச் சொல் என்றார். எனக்குக் காது சுட்டது. ஃபோர்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, மோட்டர் சைக்கிள் மேல் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது நேராக மச்சான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனேன், ஆனால் அவன் மனைவியிடம், "கடைக்காரரும் ஃபிரேம் சரியில்லைனுதான் சொல்றார்" என்று சொன்னேன். மச்சான் பக்கத்தில்தான் இருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான்.

விற்றவனுக்கு ஆங்கிலத்தில் எழுதியதும் நான்தான். போட்டோ கேட்டான், அனுப்பினேன். எவ்வளவு இறுக்கினீர்கள், எதைப் பூசினீர்கள் என்று கேட்டான். தாளில் இருந்த எண்ணை இணையத்தில் தேடி எடுத்து அதையே எழுதினேன். எதையும் பூசவில்லை என்றும் எழுதினேன்.

ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், பார்சல் வந்தது. நான் போனபோது பெட்டி நடுக்கூடத்தில் பிரித்துக் கிடந்தது. உள்ளே புது ஃபோர்க். ஒரு சின்னப் பசைப் பாக்கெட். அளந்து இறுக்குவதற்கு உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பேனர். கூடவே ஆங்கிலத்தில் கையால் எழுதிய சீட்டு: நடந்ததற்கு வருந்துகிறோம், உங்கள் நண்பர் நலமடைய வேண்டும், தயவு செய்து இந்தப் பசையை மட்டும் பூசுங்கள், கிரீஸ் ஒருபோதும் வேண்டாம்.

"பாத்தீங்களாண்ணே, தப்பு அவன்மேல இல்லனா ஏன் அனுப்புறான்? ஒத்துக்கிட்டான்!" என்றாள் அவன் மனைவி. வெற்றி பெற்றவள் போலச் சொல்லிவிட்டு, கணவனைப் பார்த்து, "இப்பயாவது தெரியுதா?" என்று ஒரு குத்து குத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மச்சான் அந்தச் சீட்டை இடது கையால் எடுத்தான். மெதுவாகப் படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றதைப் பார்த்தேன். அவன் தொழிற்கல்லூரி படித்தவன், ஆங்கிலம் நன்றாகத் தெரியும். சீட்டை என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தான். பசைப் பாக்கெட்டை அதன் மேல் வைத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிரீஸ் பூசியது, வழுக்கியது, இறுக்கியது, டிக் என்று கேட்டது, அவன் அப்போது தே ஐஸ் வாங்கப் போயிருந்தது, தவுக்கே சொன்னது, நான் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிரீஸ் எனக்குத் தெரியாது மாமா. ஆனா சத்தம் வருதுனு உங்ககிட்ட வந்து சொன்னேன்ல" என்றான்.

"ஞாபகம் இருக்காடா?"

"எல்லாம் இருக்கு. இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கனு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அவகிட்ட ஏன் நீ சொல்லல?"

"எங்க அக்கா உங்க வீட்டுல இருக்கு மாமா. நான் எப்படிச் சொல்றது?" என்றான். இடது கையால் பெட்டியை மூடிவிட்டு, "அதுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். உங்களுக்காக இல்ல" என்றான். இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். உள்ளதைச் சொல்கிற குரலில் சொன்னான். "உள்ளதான் இருக்கா. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அடுப்படியில் அவள் தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றாமல் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று சொன்னேன். பாதியில் அவள் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் என்னைத் திட்டவே இல்லை.

"தினமும் சொன்னேன்ணே" என்றாள். "பிள்ளைங்க முன்னாடி சொன்னேன். உங்க முன்னாடி சொன்னேன். சோத்துல கைய வைக்க முடியாம ஸ்பூன்ல சாப்பிடுற ஆள, அந்த ஸ்பூன் வாய்க்குப் போறப்ப சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

நறுக்கிய பயத்தங்காயை ஓரமாகத் தள்ளி, கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொன்னதெல்லாம் சொன்னதுதானே? இப்ப நான் அவர்கிட்ட போய் என்னனு சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள்.

நிஜமாகவே பதிலை எதிர்பார்த்துக் கேட்டாள். கொஞ்சம் பார்த்துவிட்டு, கையைக் கழுவி, என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர்களைத் தாண்டி முன்வாசலுக்குப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. பின்கதவு வழியாக வெளியேறி, செருப்பில்லாமல், கொதிக்கிற தாரில் இரண்டு தெரு நடந்து வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் அவர்களுடைய மூத்த பெண் என் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு, கூப்பிடாமலே போய்விட்டாள்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. விற்றவனுக்கும் உண்மையை எழுதி, ஃபோர்க்கைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னேன். வேண்டாம், சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது. பெயர் போடவில்லை.

இப்போது சனி, ஞாயிறுகளில் மச்சானோடு வயரிங் வேலைக்குப் போகிறேன். ஏணியில் ஏறுகிறவன் நான். கீழே நின்று எந்த வயர் எங்கே என்று சொல்கிறவன் அவன். நான் எதை இறுக்குவதானாலும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் இறுக்குகிறேன். மாமா என்றுதான் இன்னமும் கூப்பிடுகிறான், ஆனால் வேலைப் பேச்சைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. அவன் வலது கை தோளுக்கு மேல் வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போனால் அவன் மனைவி இலை போட்டுப் பரிமாறுகிறாள். கறி இன்னும் வேண்டுமா என்று கேட்கிறாள். குறை ஒன்றும் வைப்பதில்லை. அண்ணே என்று மட்டும் கூப்பிடுவதில்லை. வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். கார்பனுக்குக் கிரீஸ் ஆகாது என்பது எனக்குத் தெரியாமல் போனதை அவர்கள் என்றோ விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தெரிந்த பிறகும் ஐந்து மாதம் அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேனே, அதை நானே இன்னும் விடவில்லை, அவளை எப்படி விடச் சொல்வேன்?